நீரின் நடுவே பயிர் வாடுவதேன்?
உயிரணுச் சவ்வின் இயல்பும், உவர் களர் நிலங்களைப் பேணும் முறையும்

மதுரை நகரைச் சூழ்ந்த சமவெளியில் கிணற்றுப் பாசனத்தை நம்பிப் பயிரிடும் விவசாயிகளில் அநேகர் ஒரு காட்சியைக் கண்டு மனம் நொந்திருப்பார்கள். காலையில் வயலுக்கு நீர் பாய்ந்திருக்கும். மண்ணை அள்ளிப் பார்த்தால் கையில் ஈரம் ஒட்டும். ஆயினும் நடுப்பகலில் பயிர் தலை தொங்கி நிற்கும். மறுநாளும் நீர் விடுவர், பயிர் தேறாது. சத்துக் குறைவே காரணமென்று கருதி ஒரு மூட்டை யூரியாவையும் தூவுவர். அதன்பின் இலைநுனி கருகி, வயல் திட்டுத்திட்டாகச் சொட்டை விழும். நீரும் போயிற்று, உரமும் போயிற்று, ஆட்கூலியும் போயிற்று, பருவமும் தப்பிற்று.

நீரின் நடுவே நின்று பயிர் தாகத்தால் மடிவது விந்தையாகத் தோன்றலாம். இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய சவ்வில் அடங்கியிருக்கிறது. அச்சவ்வின் இயல்பை அறிந்தால் எந்த நிலத்துக்கு எந்தப் பரிகாரம் என்பதும், எந்தச் செலவு வீண் செலவு என்பதும் தாமே விளங்கும்.

உயிரணு என்பது யாது?

ஒரு பெரிய வீடு செங்கற்களால் கட்டப்பட்டிருப்பதுபோல், பயிர் பச்சைகளும் பிராணிகளும் உயிரணுக்கள் என்னும் மிகச் சிறிய அறைகளால் ஆக்கப்பட்டிருக்கின்றன. 1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராபர்ட் ஹூக் என்பவர், மரத்தக்கையை மெல்லிதாகச் சீவி உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, தேன்கூட்டின் கண்களைப் போன்ற அறைகளைக் கண்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். 1831-இல் ராபர்ட் பிரௌன் என்பவர் உயிருள்ள அணுவினுள் உட்கரு இருப்பதை எடுத்துக் காட்டினார். 1838-இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839-இல் ஷ்வான் பிராணிகளுக்கும் உயிரணுவே அடிப்படை என்று நிறுவினர்.

பயிரின் உயிரணு ஒன்றை நான்கு புறமும் மதில் சூழ்ந்த ஒரு பண்ணை வீட்டுக்கு ஒப்பிடலாம். வெளியே உள்ள மதிலுக்கு உயிரணுச் சுவர் என்று பெயர். இது நார்ப்பொருளால் ஆனது, விறைப்பைத் தருவது, ஆனால் நீரையும் உப்பையும் தடுப்பதில்லை. மதிலை ஒட்டி உட்புறத்தில் இருப்பதே உயிரணுச் சவ்வு. உள்ளே எது வரலாம், எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் காவல் இச்சவ்வினுடையதாகும். அதனுள் கூழ் போன்ற ஜீவத்திரவமும், பரம்பரைக் குணங்களைக் காக்கும் உட்கருவும், வெயிலின் துணைகொண்டு சர்க்கரை சமைக்கும் பச்சையக் குளிகைகளும், அச்சர்க்கரையைப் பிராணவாயுவால் எரித்துச் சக்தி உண்டாக்கும் இழைமணிகளும் இருக்கின்றன. புரதத்தை நெய்யும் ரைபோசோம்கள் எண்ணிறந்தவை. இவற்றின் அமைப்பை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டின் ரஸாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்பது தமிழ்நாட்டார்க்குப் பெருமை தரும் செய்தியாகும்.

வளர்ந்த பயிரணுவின் நடுவில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒரு நீர்ப்பை உண்டு. வீட்டின் நடுமுற்றத்தில் உள்ள தொட்டி போல, நீரும் சர்க்கரையும் உப்புகளும் அதில் சேமித்து வைக்கப்படுகின்றன. தொட்டி நிறைந்திருக்கும்போது அது உள்ளிருந்து மதிலை அழுத்துகிறது. நீர்ச்செழுமையுள்ள இலையில் இவ்வழுத்தம் மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருப்பதுண்டு. இலை நிமிர்ந்து நிற்பது இவ்வழுத்தத்தாலேயே. தொட்டி வற்றினால் இலை தொங்குகிறது. வாடுதல் என்பது இதுவே.

மாவடு கற்பிக்கும் பாடம்

சித்திரை மாதத்தில் மாவடு போடாத வீடு மதுரைச் சீமையில் அருமை. பிஞ்சு மாங்காய்களைக் கழுவித் துடைத்து ஜாடியில் அடுக்கி, கல்லுப்பைத் தூவிக் குலுக்கி வைக்கிறார்கள். ஒரு துளி நீரும் விடுவதில்லை. சில தினங்களில் வடு சுருங்கிவிடுகிறது. ஜாடியில் நீர் ஊறி நிற்கிறது. அந்நீர் எங்கிருந்து வந்தது? வடுவின் உயிரணுக்களிலிருந்தே வெளிப்பட்டது. இதற்கு மாறாக, வற்றிய திராட்சையை வெறும் நீரில் போட்டால் அது நீரை உறிஞ்சிப் பருக்கிறது.

இவ்விரண்டிலிருந்தும் பெறப்படும் விதி யாதெனில், நீரை மட்டும் எளிதில் விட்டு, அதில் கரைந்த பொருளைத் தடுக்கும் ஒரு சவ்வின் இருபுறமும் இரண்டு கரைசல்கள் இருந்தால், நீரானது கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் செல்லும் என்பதாம். இதனை ஸவ்வூடு பரவல் என்பர். பிரெஞ்சு தேசத்துப் பாதிரியார் நொல்லே என்பவர் 1748-ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டார். சாராயம் நிறைந்த பாத்திரத்தின் வாயைப் பன்றியின் நீர்ப்பைத் தோலால் கட்டி நீரில் அமிழ்த்தியபோது, வெளிநீர் உட்புகுந்து அத்தோல் மேலே புடைத்தெழுந்தது.

மதுரை மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விற்போர் மொட்டுகளின்மீது அடிக்கடி நீர் தெளித்து ஈரத்துணியால் மூடுவதும் இவ்விதியை ஒட்டியதே. அந்த ஈரம் மொட்டிலிருந்து நீர் ஆவியாய்ப் போவதைத் தடுத்து, உயிரணுக்களின் விறைப்பைக் காக்கிறது. அந்நீரில் உப்பைக் கலந்தால் மல்லிகையும் மாவடுவின் கதியையே அடையும்.

சவ்வும் அதன் கதவுகளும்

உயிரணுச் சவ்வு மிக மெல்லியது. 10,000 சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனமே இருக்கும். கொழுப்பு அணுத்திரள்கள் இரண்டு வரிசையாக நின்று இதனை ஆக்குகின்றன என்று 1925-இல் கார்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் கண்டனர். அக்கொழுப்புப் படலம் கெட்டியான பலகையன்று என்றும், அதில் புரதங்கள் மிதந்தும் ஊன்றியும் நிற்கின்றன என்றும் 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்போர் விளக்கினர்.

எண்ணெயும் நீரும் ஒட்டா. ஆதலால் கொழுப்புப் படலத்தின் ஊடே பிராணவாயுவும் கரியமிலவாயுவும் எளிதில் நுழையும். நீர் சிறிதளவே நுழையும். உப்புகள் நுழைய இயலா. இவை செல்வதற்கென்றே புரதக் கதவுகள் அமைந்துள்ளன. நீர் செல்லும் தனிக்கதவை 1992-இல் பீட்டர் ஆக்ரே என்பவர் கண்டறிந்து, 2003-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இக்கதவு ஒன்றின் வழியே ஒரு வினாடியில் 100 கோடிக்கு மேற்பட்ட நீர்த்துகள்கள் வரிசையாகச் செல்லக்கூடும். இதற்குச் சக்தி வேண்டியதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வது போன்றது.

ஆனால் தழை, மணி, சாம்பல் சத்துக்களின் விஷயம் வேறு. மண்ணில் இவை மிகக் குறைவாகவும் வேரினுள் மிகுதியாகவும் இருப்பதால், பள்ளத்துக் கிணற்றிலிருந்து மேட்டுக்கு நீர் இறைப்பதுபோலப் பாடுபட்டே ஏற்றவேண்டியிருக்கிறது. சவ்வில் உள்ள புரத ஏற்றங்கள் இவ்வேலையைச் செய்கின்றன. பிராணிகளின் உயிரணுவில் இத்தகைய ஏற்றம் ஒன்று இருப்பதை 1957-இல் டென்மார்க்கு தேசத்து ஸ்கௌ என்பவர் கண்டார். அதற்காக 1997-இல் நோபல் பரிசு பெற்றார். பயிரின் வேரில் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் ஏற்றம் முதன்மையானது. அதனால் உண்டாகும் விசையைக் கொண்டு மற்றச் சத்துக்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன.

ஏற்றம் இறைப்பவனுக்குச் சோறு வேண்டும். வேரின் ஏற்றத்துக்குச் சோறாவது சர்க்கரை. அதை எரிக்கப் பிராணவாயு வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் நீர் தேங்கினால் பருத்தி மஞ்சளித்து வாடுவதன் காரணம் இதுவே. மண்ணின் காற்றறைகள் நீரால் அடைபட்டு வேர் மூச்சின்றித் தவிக்கும், ஏற்றம் நிற்கும், உயிரணுவினுள் புளிப்பு மிகும், அப்போது நீர்க்கதவுகளும் மூடிக்கொள்ளும். பருத்தி நீரில் நின்றும் நீர் குடியாது. நெல்லுக்கோ தாளிலிருந்து வேர்வரை காற்று இறங்கும் குழல்கள் இருப்பதால் அது சேற்றிலும் வாழ்கிறது.

உவர் நிலத்தில் நேர்வது

சாதாரண மண்ணில் உள்ள ஈரத்தில் உப்பு மிகக் குறைவு; வேரணுக்களின் சாற்றில் கரைபொருள் மிகுதி. எனவே நீர் தானே வேருக்குள் செல்கிறது. உவர் நிலத்தில் மண்ணீரிலும் உப்பு மிகுந்திருப்பதால், நீரை இழுக்கும் வேரின் பலம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. உப்பு மேலும் மிகுந்தால், மாவடுவைப் போல வேரே நீரை வெளியே விடவும் நேரும்.

மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள். இது மீட்டருக்கு 4 டெசிசீமன் அளவைத் தாண்டினால் அந்நிலம் உவர் நிலம் எனப்படும். அவ்வளவில் மண்ணீர் ஏறக்குறைய 1.4 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான தடையை வேருக்கு உண்டாக்குகிறது. மண் காயக் காய நீர் மட்டும் போய் உப்பு தங்கிவிடுவதால், ஈரம் பாதியாகும்போது இத்தடை இரட்டிக்கும். ஆகவே உவர் நிலத்தில் நெடுநாள் காயப்போட்டு ஒரே தடவையில் மிகுதியாக நீர் விடுவது தவறு. சிறிது சிறிதாக அடுத்தடுத்து விடுவதே முறை.

எல்லாப் பயிரும் உப்பை ஒன்றுபோல் தாங்குவதில்லை. வெங்காயம் 1.2 அளவிலும், கரும்பு 1.7 அளவிலும், நெல் 3 அளவிலும் மகசூல் குறையத் தொடங்கும். பருத்தி 7.7 வரையில் தாங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அளவுக்கும் நெல்லில் நூற்றுக்கு 12 பங்கும், பருத்தியில் சுமார் 5 பங்கும் குறையும். தாங்கும் பயிர்களின் இரகசியமும் சவ்விலேயே இருக்கிறது. அவற்றின் வேர்ச் சவ்வுகள் உட்புகுந்த சோடியத்தைத் திரும்பவும் மண்ணுக்கே தள்ளுகின்றன. மிஞ்சியதை நடுவிலுள்ள நீர்ப்பையில் அடைத்து, ஜீவத்திரவத்தைக் காக்கின்றன.

களர் நிலம் வேறு, உவர் நிலம் வேறு

உவரையும் களரையும் ஒன்றாகக் கருதுவதனால் வரும் நஷ்டம் பெரிது. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதி. காய்ந்தால் மேலே வெண்மையாகப் பூக்கும். மண் பொலபொலப்பாக இருக்கும். களர் நிலத்தில் களிமண் துகள்களைச் சோடியம் பற்றிக்கொண்டிருக்கும், காரத்தன்மை 8.5-க்கு மேல் இருக்கும். ஈரத்தில் துகள்கள் பிரிந்து சேறாகிக் கண்களை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் கல்லாய் இறுகும். மழை பெய்தாலும் நீர் கீழிறங்காது, காற்றும் புகாது. மேலும் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் கரையாமல், வேருக்கு எட்டாமற் போகும்.

உவர் நிலத்துக்கு மருந்து நல்ல நீரும் வடிகாலுமே. களர் நிலத்துக்கு வெறும் நீர் பயன்படாது. முதலில் ஜிப்சம் இடவேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம், களிமண்ணைப் பற்றிய சோடியத்தை விலக்கி அவ்விடத்தில் தான் அமரும். விலகிய சோடியம் கரைந்து வடிநீரோடு வெளியேறும். கால்சியத்தால் மற்றொரு நன்மையும் உண்டு: அது உயிரணுச் சவ்வைக் கட்டுறுதியாக வைத்து, சோடியத்தைத் தடுத்துப் பொட்டாசியத்தை ஏற்கும் சக்தியைக் காக்கிறது.

சீர்திருத்தும் முறை

நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்துச் சமன்செய்து, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டிக்கொள்ளவேண்டும். மண் பரிசோதனையில் சொல்லிய அளவுக்கு ஜிப்சத்தைப் பரப்பி உழுது, சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நல்ல நீரை ஒரு நாள் நிறுத்திப் பின் வடிக்கவேண்டும். இவ்வாறு பல தடவை செய்தபின், தக்கைப்பூண்டை விதைத்து, 40 அல்லது 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் பொருபொருப்படையும். பிறகு நெல்லை முதற்பயிராக இடுதல் நன்று. திருச்சிராப்பள்ளி அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 என்னும் இரகங்களும், கோ 43 என்பதும் களரைத் தாங்குபவை. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உப்புக்கு மிக அஞ்சுமாதலால், சற்று முதிர்ந்த நாற்றைக் குத்துக்குக் கூடுதலாக வைத்து நடவேண்டும். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் இடுதலும் அவசியம்.

பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டு, வைகைப் படுகையையும் மேலூர்ப் பக்கத்தையும் நனைத்துவருகிறது. இம்மலைநீரிலும் கண்மாய் மழைநீரிலும் உப்பு குறைவு. கால்வாயிலோ கண்மாயிலோ நீர் கிடைக்கும் காலமே நிலத்தைக் கழுவுவதற்கு ஏற்ற காலம். உவர்ப்பான கிணற்று நீரைத் தனியே பாய்ச்சாமல் நல்ல நீருடன் கலந்தோ, நல்ல நீரை இளம்பயிருக்கும் கிணற்று நீரை வளர்ந்த பயிருக்கும் என மாற்றியோ பாய்ச்சவேண்டும்.

உரத்திலும் விதையிலும் எச்சரிக்கை

யூரியாவும் பொட்டாஷும் கரைந்தால் அவையும் மண்ணீரின் செறிவைக் கூட்டுபவையே. வாடும் பயிரின் அடியில் அவற்றைக் குவிப்பது, மாவடு ஜாடியில் மேலும் உப்பிடுவதற்கு ஒப்பாகும். உரத்தைப் பல தவணையாகப் பிரித்து, ஈரமுள்ளபோது, தூரை விட்டுச் சற்றுத் தள்ளி இடவேண்டும்.

இலைவழித் தெளிப்பிலும் அளவே பிரதானம். உளுந்துக்கு 2 சத டி.ஏ.பி. தெளிக்க, ஏக்கருக்கு 4 கிலோவை முந்தின இரவே சிறிது நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்கவேண்டும். நெல்லில் துத்தநாகக் குறைவு கண்டால் அதே 200 லிட்டரில் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 2 கிலோ யூரியாவும் போதும். இரட்டித்தால் பயன் இரட்டிக்காது. வெயிலில் நீர் ஆவியாகிச் செறிவு ஏறி இலை கருகும்.

நெல் விதையை உப்புக் கரைசலில் இட்டுப் பதரை நீக்குவது நல்ல வழக்கம். முட்டை மிதந்து நாணயத்தின் அளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைப்பார்கள். மூழ்கிய விதையை உடனே இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசவேண்டும். அலசத் தவறினால், விதையில் ஒட்டிய உப்பு முளைக்குச் செல்லும் நீரைத் தடுத்துவிடும், முளைப்பு கெடும்.

கிராமத்தார் கவனத்துக்கு

ஜிப்சத்தைத் தனியொருவர் வாங்கலாம். வடிகாலைத் தனியொருவர் வைத்துக்கொள்ள முடியாது. தம் வயலிலிருந்து விலக்கிய சோடியம் அடுத்த வயலில் நின்றால், ஒருவர் செய்த பரிகாரம் மற்றவருக்கு வினையாக முடியும். வாய்க்காலைத் தூர்வாருவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை வடிகாலிலும் காட்டினால் பல ஏக்கர் பிழைக்கும். வடிகாலை அடைத்து வரப்பை நீட்டிய இடங்களைக் கிராம நிர்வாக அலுவலரும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தாரும் மழைக்கு முன்பே பார்த்துத் திறந்துவிடுவது ஊருக்கெல்லாம் உபகாரமாகும். பாசனம் பெருகி வடிகால் பெருகாத வட இந்தியப் பகுதிகளில் நிலம் உப்பேறிக் கெட்டதை எண்ணித்தான், 1969-இல் கர்னாலில் உவர்நில ஆராய்ச்சிக்கென ஒரு மத்திய நிலையமே ஏற்படுத்தப்பட்டது.

பயிர் வாடக் கண்டதும் மடையைத் திறப்பதற்கு முன்பும், உர மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பும், மண்ணிலும் கிணற்று நீரிலும் மாதிரி எடுத்து, வேளாண்மை இலாகாவின் மண் பரிசோதனை நிலையத்திலோ, 1965 முதல் நடைபெற்றுவரும் மதுரை வேளாண்மைக் கல்லூரியிலோ காட்டி அறிவதே புத்திசாலித்தனம். உவரா, களரா, அல்லது வெறும் நீர்த்தேக்கமா என்று தெரிந்துகொண்டபின் செய்யும் சிறு செலவு, தெரியாமற் செய்யும் பெருஞ் செலவைக் காட்டிலும் பன்மடங்கு பலன் தரும். நீரை வயலுக்குக் கொண்டுவருவது விவசாயியின் வேலை. அதை உள்ளே ஏற்பது வேரின் சவ்வு. அச்சவ்வுக்கு ஏற்ற மண்ணையும் நீரையும் காற்றையும் அமைத்துக் கொடுப்பவருக்கே பயிர் மகசூலைக் கொடுக்கும்.